விரலகல வெயில்

என் அக்காவுக்கு வெயில் ஆகாது. நமக்கெல்லாம் வியர்க்கிறது, தலை வலிக்கிறது என்பதுபோல இல்லை. கொஞ்ச நேரம் நேர்வெயில் பட்டால் போதும், பட்ட இடம் சிவந்து தடித்து, மறுநாள் காய்ச்சலே வந்துவிடும். கல்யாணமான புதிதில் ஆரம்பித்த தொல்லை. சாப்பாட்டில் ஏதோ சேரவில்லை என்று நினைத்து, அவள் ஆசையாகச் சாப்பிடுவதையெல்லாம் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தார்கள். சோப்பை மாற்றினார்கள். தலையணை உறையை மாற்றினார்கள். கடைசியில் ஒரு தோல் டாக்டர்தான் கண்டுபிடித்தார். "வெயிலைப் பார்த்தா உங்க உடம்பு எதிரியைப் பார்த்த மாதிரி சண்டைக்கு நிக்குது. முழுசா குணமாக்க மருந்து இல்லம்மா. ஒதுங்கி இருந்துக்கங்க" என்றார்.

அக்கா அதற்காக அழுது நான் பார்த்ததில்லை. பெரிய கறுப்புக் குடை ஒன்று வாங்கினாள். ஆஸ்பத்திரி லேபில் வேலை அவளுக்கு. ரத்தம் எடுப்பது, சோதித்துச் சொல்வது. பகல் ஷிப்டை விட்டு மாலை ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டாள். தெருவில் அவளுக்குக் குடையக்கா என்றே பெயராகிவிட்டது. வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

பஸ்ஸில் ஏறினால் எந்தப் பக்கம் உட்காருவது என்று ஒரு நொடியில் சொல்வாள். "இந்தப் பக்கம் வேணாம், பாலம் திரும்பினதும் வெயில் நம்ம மடியில உட்காரும்." ஊரில் எந்தச் சுவர் எப்போது நிழல் தரும் என்பது அவளுக்கு மனப்பாடம். நான் பாவப்பட்டுப் பேசினால் பிடிக்காது. "சூரியனோட எனக்குப் பேச்சுவார்த்தை இல்ல, அவ்வளவுதான். சொந்தக்காரங்க எத்தனை பேரோட எனக்குப் பேச்சுவார்த்தை இல்ல, அதுக்கெல்லாம் நீ அழுதியா?" என்பாள்.

ஆனாலும் அவளுடைய நாள் எங்களுடையதுபோல் இல்லை. பகலில் நடக்கிற எதற்கும் அவள் வருவதில்லை. வந்தாலும் விடியுமுன் வந்து, உள்ளறையில் இருந்துவிட்டு, பொழுது சாய்ந்து கிளம்புவாள். எங்கள் வீட்டுக்கு அவள் மதிய நேரத்தில் வந்ததே கிடையாது.

கார் வாங்கலாம் என்று முடிவெடுத்தது அவள்தான். மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர். சாலையில் சைக்கிளைத் தாண்டி எதையும் ஓட்டியதில்லை. "நான் ஓட்ட மாட்டேன், சொல்லிட்டேன்" என்று முதலிலேயே கையை விரித்துவிட்டார். அக்கா ஓட்டக் கற்றுக்கொண்டாள். வேலை இல்லாத நாட்களில், பொழுது சாய்ந்த பிறகு. லைசென்ஸுக்கு ஓட்டிக் காட்டுவது மட்டும் பகலில்தான் என்றார்கள். கையுறை, தொப்பி, கண்ணாடி, முகத்தைச் சுற்றித் துணி என்று போய் நின்றவளைப் பார்த்து அந்த அதிகாரி, "அம்மா, வண்டி ஓட்ட வந்தீங்களா, பேங்க்கைக் கொள்ளையடிக்க வந்தீங்களா?" என்று கேட்டாராம். "முதல்ல வண்டி சார். அப்புறம்தானே தப்பிக்க முடியும்" என்றாளாம் அக்கா. அவர் சிரித்துவிட்டார். அவளும் தேறிவிட்டாள்.

காருக்குள் வெயில் படுமா என்று டாக்டரிடம் போய்க் கேட்டாள். முன் கண்ணாடி அடுக்கடுக்காகச் செய்தது, கெடுதலான கதிரை அதுவே பெரும்பாலும் தடுத்துவிடும். பக்கக் கண்ணாடிகளும் பின் கண்ணாடியும்தான் உள்ளே விடும், அவற்றுக்கு நல்ல ஃபிலிம் ஒட்டிக்கொள்ளுங்கள் என்றார் அவர். கறுப்பாக இருக்க வேண்டிய அவசியமில்லை, ஏறக்குறைய நிறமே இல்லாத ஃபிலிம் இருக்கிறது, அதுவே போதும். கார் வந்த கையோடு மெயின் ரோட்டில் இருக்கிற ஒரு ஃபிலிம் கடைக்குப் போனார்கள்.

முன்னால் தகரக் கொட்டகை, பின்னால் கண்ணாடிக் கதவு போட்ட அறை. ஃபிலிம் ஒட்டும் வேலைக்குத்தான் அந்த அறை; தூசி எழாமல் இருக்கத் தரையை ஈரமாக வைத்திருப்பார்கள். கடைக்காரர் வாய் நிறையப் பேசுகிறவர். கெடுதலான கதிரை அளக்கிற கையடக்கமான மீட்டர் ஒன்றையும் சின்ன விளக்கு ஒன்றையும் எடுத்து, நடுவே வெறும் கண்ணாடியைப் பிடித்தார், எண் ஏறியது. ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியைப் பிடித்தார், எண் படுத்துவிட்டது. அக்காவுக்கு அதைப் பார்த்ததும் கண் நிறைந்துவிட்டதாக மாமா பிறகு என்னிடம் சொன்னார்.

அன்றைக்கு உள்ளறையில் வேறொரு பெரிய கார் நின்றிருந்தது. "வெளியிலயே ஒட்டிடலாம் மேடம், ஒண்ணும் வித்தியாசம் இருக்காது" என்று கொட்டகையிலேயே ஒட்டிக் கொடுத்தார்கள். பக்கத்தில் லாரி போகும்போதெல்லாம் ரோட்டுப் புழுதி எழுந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

வீட்டுக்கு வந்ததும் மாமா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். புதுக் காரின் சீட்டு மேல் சுற்றிய பிளாஸ்டிக்கைக்கூட இன்னும் பிரிக்க விடாதவர் அவர். ஒரு கண்ணாடியில் கொப்புளம் கொப்புளமாக நீர். ஒன்றில் பொடிப்பொடியாகத் தூசி. பின் கண்ணாடியில் யாருடைய தலைமுடியோ ஒன்று ஃபிலிமுக்குள் வளைந்து கிடந்தது. கடைக்காரருக்கு போன் போட்டார். "காயணும் சார். காய்ஞ்சா எல்லாம் போயிடும்."

கொப்புளங்கள் உண்மையாகவே போய்விட்டன. தூசியும் முடியும் போகவில்லை. "முடி எப்படிங்க காய்ஞ்சு போகும்?" என்று மாமா புலம்பினார். அக்காவுக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. "அழகுக்கா ஒட்டினோம்? விடுங்க" என்றாள். அவளுக்கு வேறு அவசரம். வாழ்க்கையில் பாதி நாள் பகலை ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தவள், காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அதுவும் அரைக்கை உடையில். வெளியே போகும்போது அவள் அரைக்கை போட்டு நான் பார்த்து எத்தனையோ வருஷம் இருக்கும்.

பாலத்தில் ஏதோ பழுதுபார்ப்பு வேலை. வண்டிகள் நகரவே இல்லை. அக்கா கதவோரமாகக் கையைச் சாய்த்து வைத்துக்கொண்டு, ரேடியோ கேட்டபடி, ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாளாம். ஆற்றில் வெயில் பளபளப்பதை அத்தனை நேரம் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று சொன்னாள்.

மறுநாள் காலையில் மாமா எனக்கு போன் செய்தார். குரலே சரியில்லை. நான் போய்ப் பார்த்தபோது அக்கா கட்டிலில் உட்கார்ந்து முன்கையை ஆராய்ந்துகொண்டிருந்தாள். காய்ச்சல் அடித்தது. கையின் குறுக்கே ஒரு சிவப்புப் பட்டை, ஒரு விரல் அகலத்துக்குத் தடித்திருந்தது.

"ஃபிலிமெல்லாம் ஏமாத்து வேலை. இந்தக் காரே வேணாம், வித்துடலாம்" என்று மாமா குட்டி போட்ட பூனை மாதிரி அங்கேயும் இங்கேயும் நடந்தார்.

"கொஞ்சம் உட்காருங்க" என்றாள் அக்கா. பிறகு என்னிடம் கையை நீட்டினாள். "இதைப் பாரு. எனக்குத் தடிப்பு வந்து நீ எத்தனையோ தடவை பார்த்திருக்க. என்னைக்காவது இப்படி ரூல் போட்ட மாதிரி வந்திருக்கா?"

வந்ததில்லை. எப்போதும் கடற்கரை வரைபடம் மாதிரி கோணல்மாணலாகத்தான் வரும். இது இரண்டு பக்கமும் நேர்க்கோடாக நின்றது.

"ஃபிலிம் ஏமாத்துன்னா கை முழுக்க வந்திருக்கணும். பட்டைக்கு இந்தப் பக்கமும் ஒண்ணும் இல்ல, அந்தப் பக்கமும் ஒண்ணும் இல்ல. அப்போ ஃபிலிம் வேலை செய்யுது. எங்கயோ ஒரு விரல் அகலத்துக்கு ஃபிலிம் இல்ல."

காய்ச்சலோடு எழுந்து, வீட்டுப் பக்கத்தில் கார் நிறுத்தியிருந்த கொட்டகைக்குப் போனாள். ஓட்டுநர் பக்கக் கண்ணாடியின் ஓரத்தை நகத்தால் மெல்லத் தடவிக்கொண்டே வந்தாள். முன்னோரத்தில் நகம் தட்டியது. அங்கே ஃபிலிம் முடிந்து, அதற்கப்பால் வெறும் கண்ணாடி. நிறமில்லாத ஃபிலிம் என்பதால் யார் கண்ணுக்கும் படவில்லை. தூசியையும் முடியையும் பார்த்து அங்கலாய்த்துக்கொண்டிருந்த எங்கள் எல்லோர் கண்ணையும் தாண்டி, உண்மையான ஓட்டை அங்கே சத்தமில்லாமல் இருந்தது. மற்றப் பக்கக் கண்ணாடிகளையும் பார்த்தாள். எல்லாவற்றிலும் அதே ஓரத்தில் குறை.

நான் கொதித்துப் போனேன். அந்தப் பட்டையைப் படம் எடுத்து, கடைப் பெயரோடு ஊரெல்லாம் பரப்பிவிட வேண்டும் என்றேன். மாமா நேர்மாறு. "நமக்கெதுக்கு வம்பு? வேற கடையில பார்த்துக்கலாம், விட்டுடு" என்றார். அக்கா இரண்டையும் கேட்டுக்கொண்டாள். "அவங்க கடையில போய் ஒட்டினேன், அவங்களே சரி பண்ணித் தரட்டும். சண்டை போடறதும் வேணாம், ஓடிப் போறதும் வேணாம்" என்றாள். அவளிடம் எனக்குப் பிடித்ததும் பொறாமையாக இருப்பதும் இதுதான். கோபம் அவளுக்கும் வரும். ஆனால் கோபம் வந்தால் நமக்குக் குரல் ஏறும். அவளுக்குப் பேச்சு சுருங்கும்.

காய்ச்சல் விட்டதும் போனோம், மூன்று பேரும். கடையில் கூட்டம். புதுக் கார் வாங்கிய ஒரு குடும்பத்துக்குக் கடைக்காரர் அதே மீட்டரை வைத்து அதே வித்தையைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் அக்காவின் தோளை இடித்தேன். "இப்பவே கேளு, எல்லாரும் இருக்கறப்பவே. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேளு."

"அவங்க போகட்டும்" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குத்தான் தாங்கவில்லை. அந்தக் குடும்பம் நிறம் நிறமாகப் பார்த்து முடிக்கும்வரை அக்கா அசையவில்லை. அவர்கள் கிளம்பியதும் எழுந்து, "ஒரு நிமிஷம் வர்றீங்களா? அந்த மீட்டரையும் விளக்கையும் எடுத்துக்கிட்டு வாங்க" என்றாள்.

கொட்டகை நிழலில் கார் நின்றது. "இந்தக் கண்ணாடிக்கு நடுவுல பிடிங்க" என்றாள். பிடித்தார். எண் படுத்துக் கிடந்தது. "பார்த்தீங்களா மேடம்? நம்ம சரக்கு அப்படி!" என்று அவருக்குப் பெருமை.

"சரக்கு நல்லாத்தான் இருக்கு. இப்ப இந்த ஓரத்துல பிடிங்க."

எண் விறுவிறுவென்று ஏறியது. கடைக்காரர் மீட்டரை ஒரு தட்டு தட்டிவிட்டு மறுபடி பிடித்தார். மறுபடி ஏறியது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஓரத்துல கொஞ்சம் விடத்தான் மேடம் செய்வோம். கண்ணாடி ஏறி இறங்கணும்ல" என்று மென்று விழுங்கினார்.

"மேல மயிரிழை விட்டிருக்கீங்க, அது சரி, அதை நான் கேக்கல. இது விரல் அகலம்."

அவர் உள்ளே திரும்பி ஃபிலிம் ஒட்டுகிறவரைக் கூப்பிட்டார். மெலிந்த ஆள், காது மேல் பென்சில், எப்போதும் ஈரமாக இருக்கும் விரல்கள். வந்து குனிந்து பார்த்தார். உள்ளே போய் ஓர் அட்டையை எடுத்து வந்து கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தார். அப்போதுதான் விஷயம் புரிந்தது. அதே பெயரில் முன்பு வந்த காருக்கு வெட்டி வைத்த அளவட்டை அது. புதுக் காரில் கண்ணாடி முன்பக்கம் கொஞ்சம் நீண்டிருக்கிறது. பெயர் ஒன்று என்பதால் அளவும் ஒன்று என்று நினைத்து வெட்டிவிட்டார்கள்.

"தப்பு எங்களுதுதான்" என்றார் ஒட்டுகிறவர். கடைக்காரர் அவரை முறைத்துவிட்டு அக்காவிடம் திரும்பினார். "ஆனா மேடம், அவ்வளவா தெரியவே இல்லையே. இந்தச் சின்ன இடத்துக்காக எல்லாத்தையும் உரிக்கணுமா?"

அக்கா கையுறையைக் கழற்றி, சட்டைக் கையை மேலே ஏற்றிக் காட்டினாள். பட்டை மங்கியிருந்தது, ஆனால் கோடு இன்னும் அழியவில்லை. "கண்ணுக்குத் தெரியல. எனக்குத் தெரிஞ்சுது" என்றாள். பிறகு தன் உடம்பைப் பற்றி இரண்டே வாக்கியத்தில் சொன்னாள். வெளியாள் ஒருவரிடம் அவள் அதைச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

கடைக்காரர் மீட்டரைக் கீழே வைத்தார். ஒட்டுகிறவர்தான் மெதுவாக, "முதல்லயே சொல்லியிருக்கலாமே மேடம். இன்னும் பார்த்து ஒட்டியிருப்போமே" என்றார்.

"சொன்னா பார்த்து ஒட்டுவீங்க. சொல்லாட்டி இப்படித்தான் ஒட்டுவீங்களா?"

குரல் ஏறவே இல்லை. அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். அக்காவே மேலும் சொன்னாள்: "இருந்தாலும் நானும் சொல்லியிருக்கணும். யாராவது ஐயோ பாவம்னு பார்த்தா எனக்கு ஆகாது. அதான் வாயைத் திறக்கல."

அவள் சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தன் பக்கம் அத்தனை நியாயம் இருக்கும்போது, தன் பங்கு இம்மியளவு பிசகையும் எடுத்து மேஜை மேல் வைக்க எத்தனை பேருக்கு மனசு வரும்? நானாக இருந்தால் செத்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

கடைக்காரர் உள்ளறையைக் காலி செய்யச் சொன்னார். தரையைக் கழுவினார்கள். எங்களை உள்ளே நிழலில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் வேறு வேலையாக வெளியே கிளம்பிப் போனார். ஒட்டுகிறவர் ஆவி காட்டி, பழைய ஃபிலிமை மெல்ல மெல்ல உரிக்க ஆரம்பித்தார். பக்கக் கண்ணாடிகள் சுலபமாக உரிந்துவிட்டன. கடைசியாகப் பின் கண்ணாடி.

பின் கண்ணாடியில் மெல்லிய கம்பிக் கோடுகள் ஓடுமே, பனி படர்ந்தால் சூடாகி அதைக் கரைக்கிற கோடுகள், அவற்றின் மேல்தான் ஃபிலிம் ஒட்டியிருந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம், ஒன்றும் கவனிக்கவில்லை. அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து அக்கா முன்னால் நின்றார்.

"மேடம், பின் கண்ணாடியில ரெண்டு கோடு ஃபிலிமோட பிஞ்சு வந்துடுச்சு."

மாமா துள்ளி எழுந்தார். புதுக் கார்! போய்ப் பார்த்தோம். ஒரு கோடு நடுவில் அறுந்திருந்தது, இன்னொன்று பாதியைக் காணோம். மாமாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "ஒண்ணைச் சரி பண்ண வந்தா இன்னொண்ணு!" என்று தலையில் கை வைத்தார்.

அக்கா அந்தக் கோட்டைப் பார்க்கவில்லை, அந்த மனிதரைப் பார்த்தாள். கடைக்காரர் இல்லை. புது ஃபிலிமை மேலே ஒட்டியிருந்தால் பனிக்காலம் வரும்வரை யாருக்கும் தெரிந்திருக்காது. தெரிந்தாலும் யார் காரணம் என்று யார் சொல்வது?

"நல்ல வேளை, வந்து சொன்னீங்க" என்றாள்.

கடைக்காரர் திரும்பி வந்ததும் விஷயத்தைக் கேட்டு ஒட்டுகிறவர் மேல் எகிறினார். கொட்டகையே அதிர்ந்தது. அக்கா குறுக்கே போய் நின்றாள்.

"அவரைத் திட்டாதீங்க. அவர் வந்து சொன்னதாலதான் நான் இன்னும் இங்க உட்கார்ந்திருக்கேன். மறைச்சிருந்தா இந்தக் கடை மேல எனக்கு துளி நம்பிக்கைகூட மிஞ்சியிருக்காது. இப்ப இருக்கு."

கடைக்காரர் அக்காவை ஏறிட்டுப் பார்த்தார். இப்படி ஒரு வாடிக்கையாளரை அவர் அதுவரை பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். கோபப்படுகிறவர்களைச் சமாளிக்க அவருக்குத் தெரியும், அழுகிறவர்களையும் தெரியும். இவளை என்ன செய்வதென்று தெரியாமல், "சரிங்கம்மா" என்றார். மேடம் அம்மாவாகிவிட்டது.

அறுந்த கோட்டை ஒட்ட வெள்ளி கலந்த பெயின்ட் ஒன்று உண்டாம். அதை வரவழைத்து, ஒட்டுகிறவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூரிகையால் வரைந்தார். ஒரு கோடு உயிர் பெற்றது. பாதி காணாமல் போனது மட்டும் பெறவில்லை. கண்ணாடியையே மாற்றித் தருகிறேன் என்று கடைக்காரர் இறங்கி வந்தார். மாமா சரி என்று வாயைத் திறக்குமுன் அக்கா வேண்டாம் என்றுவிட்டாள். "ஒரு கோடு இல்லாட்டி ஒரு கோட்டளவு பனி இருக்கும். இருந்துட்டுப் போகட்டும். பக்கக் கண்ணாடியில மட்டும் ஒரு நூல் குறையக் கூடாது." எது விட்டுக்கொடுக்கிற விஷயம், எது விட்டுக்கொடுக்க முடியாத விஷயம் என்பதில் அவளுக்குக் குழப்பமே வந்ததில்லை.

ஒட்டுகிறவர் இந்த முறை அட்டையைத் தொடவே இல்லை. ஒவ்வொரு கண்ணாடி மேலும் ஃபிலிமை விரித்து, அந்தந்தக் கண்ணாடிக்கே வெட்டினார். ஒட்டி முடித்ததும் அவரே போய் மீட்டரை எடுத்து வந்தார். ஓரம் ஓரமாக, மூலை மூலையாகப் பிடித்துக் காட்டினார். அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். கடைசி மூலையில் எண் லேசாக அசைந்தது. அவள் கேட்குமுன் அவரே, "இருங்க, இதைத் திரும்ப ஒட்டிடறேன்" என்று உரித்தார்.

வெளியே வந்தபோது மாமா இன்னும் பின் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கும் விருந்தாளி யாராவது காரைப் பாராட்டினால், அந்தக் கோட்டைக் காட்டாமல் அவருக்கு மனசு ஆறாது.

அக்கா நீண்ட பயணமாகக் காரை எடுப்பதற்கு முன் சின்னச் சின்ன தூரம் போய்ச் சோதித்தாள். லேபில் இருக்கிறவள் அல்லவா. முதலில் கை, அடுத்து கழுத்து, பிறகு முகத்துத் துணியை எடுத்துவிட்டு. ஒவ்வொரு தடவையும் மறுநாள் மாமா எனக்கு போன் செய்து, "ஒண்ணும் இல்ல, ஒண்ணுமே இல்ல" என்று பரீட்சை முடிவு சொல்வதுபோலச் சொல்வார்.

கொஞ்ச நாள் கழித்து எனக்கு ஒரு விஷயம் தெரிய வந்தது. அந்தத் தோல் டாக்டரிடம் வருகிற, அவளைப்போலவே வெயில் ஆகாத ஆட்களுக்கு, அக்கா அந்தக் கடையின் விலாசத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குப் பைத்தியமா? காய்ச்சல்ல படுக்கவெச்ச கடைக்கா அனுப்புற?" என்றேன்.

"வேற கடைக்கு அனுப்பினா, அவங்க முதல் தடவை தப்பு பண்ணணும், அதுக்கு ஒருத்தர் கை வேகணும். இவங்க அந்தப் பாடத்தை என் கையில படிச்சு முடிச்சாச்சு. இப்ப யார் போனாலும் அந்த ஆளே மீட்டரோட வந்து நிக்கிறார்."

 

ஒரு நாள் சமையலை முடித்துவிட்டு நான் ஈரக்கையோடு நின்றபோது வாசல் மணி அடித்தது. கொரியர்காரர் என்று நினைத்துக் கதவைத் திறந்தேன். அக்கா. உச்சி வெயில். வாசலை ஒட்டிக் கார் நின்றது, என்ஜின் சூட்டில் இன்னும் டிக் டிக் என்று சத்தம் போட்டுக்கொண்டு. நான் கதவைப் பிடித்தபடி அவளையும் காரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"என்ன, உள்ள கூப்பிட மாட்டியா? பசிக்குது" என்றாள்.

பகல் வெளிச்சத்தில் எங்கள் வீட்டை அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். சமையலறைச் சுவருக்கு இப்படி ஒரு மஞ்சள் நிறமா அடித்திருக்கிறாய், இத்தனை நாள் வெள்ளை என்றே நினைத்திருந்தேன் என்று என்னைத் திட்டினாள். பிறகு இரண்டு தட்டை எடுத்து வைத்தாள்.